முன்னர்ப் போர்வை, பின்னர்ப் போதனை



2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நம் பெங்களூர் நகரம் பட்ட பாட்டை நாம் எவரும் மறந்திரோம். கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை எழுந்த அந்நாட்களில், பிராணவாயுவுக்கும் ஒரு படுக்கைக்கும் ஏங்கி மக்கள் மருத்துவமனை வாயில்களில் காத்துக் கிடந்தனர். மயானங்களின் வாயிலிலோ சவ வண்டிகள் வரிசையாக நின்றன. அக்காலத்தில் நம் சங்கத்து அன்பர் இல்லமொன்றில் தாயார் காலமானார். அவருடைய மகன் 22 வயது இளைஞன். தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணவும் அவனுக்கு வாய்க்கவில்லை. சில நாட்கள் கழித்து நாம் அவன் இல்லம் சென்று, தோன்றியன யாவும் மறையும் என்றும், அநித்தியத்தை உணர்ந்தவனுக்கு அழுகை இல்லை என்றும் கால் மணி நேரம் எடுத்துரைத்தோம். அவன் தலை கவிழ்ந்து கேட்டிருந்தான். நாம் எழுந்தபோது அவன் சொன்னது இது:

“ஐயா, அம்மாவை வண்டியில் ஏற்றும்போது அவர்கள் காலில் செருப்பு இல்லை. அதை எடுத்துக்கொண்டு நான் வண்டியின் பின்னால் தெருமுனை வரைக்கும் ஓடினேன். வண்டி நிற்கவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று இருந்தேன். நீங்கள் கேட்கவில்லை.”

அதன்பின் அவன் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நாம் உரைத்த தம்மத்தில் பிழை ஒன்றும் இல்லை. உரைத்த வேளையில்தான் பிழை இருந்தது. மருந்து நல்லதாயினும், குருதி வழியும் புண்ணைக் கட்டாமல் நோயாளிக்குப் பத்தியம் கற்பிக்கும் வைத்தியனைப் போல நாம் நடந்துகொண்டோம். ஆதலின், பெருந்துயரில் வீழ்ந்தவர் முன் எவ்வாறு நிற்பது, எதை முன்னர்ச் செய்வது, எதைப் பின்னர்ச் சொல்வது என்னும் இதனையே இன்று சிந்திக்கப் புகுந்தோம்.

தேரி படாசாராவின் சரிதை

சாவத்தி நகரத்துத் தனவந்தர் ஒருவரின் மகள், தன் இல்லத்துப் பணியாளனை விரும்பி மணந்து, தொலைவிலுள்ள சிற்றூர் சென்று வாழ்ந்தாள். இரண்டாம் முறை கருவுற்றபோது, கணவனுடனும் மூத்த மகனுடனும் தாய்வீடு நோக்கி நடந்தாள். வழியில் புயலும் பெருமழையும் பிடித்துக்கொண்டன. பிரசவ வேதனையும் கண்டது. ஒதுங்குவதற்கு ஒரு குடில் அமைக்கக் கிளை வெட்டச் சென்ற கணவன் பாம்பு தீண்டி மாண்டான். அவளோ இருளிலே பிள்ளை பெற்று, குழந்தைகள் இருவரையும் தன் உடலால் மழைக்கு மறைத்திருந்து, விடிந்தபின் கணவனைப் பிணமாகக் கண்டாள்.

பின்னர், பெருகி ஓடும் ஆற்றை இரு குழந்தைகளுடன் ஒருசேரக் கடக்க வலிமையின்றி, கைக்குழந்தையை அக்கரையில் கிடத்திவிட்டு, மூத்தவனை அழைத்துவர மீண்டாள். அவள் நடு ஆற்றில் நிற்கையில் பருந்து ஒன்று பச்சிளங் குழந்தையைக் கவ்விச் சென்றது. அதனை விரட்ட அவள் கைகளை உயர்த்திக் கூவினாள். தாய் தன்னை அழைக்கிறாள் என எண்ணி மூத்தவன் வெள்ளத்தில் இறங்கி மறைந்தான். தட்டுத் தடுமாறிச் சாவத்தியை அவள் அணுகியபோது, அவ்விரவில் வீடு இடிந்து தாய், தந்தை, சகோதரன் ஆகிய மூவரும் மடிந்தனர் என்றும், அதோ தெரியும் புகை அவர்கள் சிதையின் புகையே என்றும் எதிர்ப்பட்டவன் சொன்னான். அவள் அறிவு கலங்கிற்று. உடுத்திய துணி நழுவியதையும் அறியாது திரிந்தாள். ஊரார் அவளைப் பைத்தியக்காரி என்று கூறிக் குப்பையும் மண்ணாங்கட்டியும் எறிந்தனர்.

அவ்வாறு திரிந்தவள் ஜேதவனத்தில் பகவான் உபதேசம் செய்துகொண்டிருந்த சபையை நோக்கி வந்தாள். இருந்தோர் தடுக்க முற்பட்டனர். அதன்பின் பகவான் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். முதலாவது, தடுக்க வேண்டா என்று சொல்லி அவளை அருகில் வரவிட்டார். இரண்டாவது, அவளைச் சகோதரி என்று விளித்து, தன் நினைவைத் திரும்பப் பெறும்படி மெல்லப் பணித்தார். நினைவு மீண்டதும் அவள் தன் நிலையறிந்து நாணிக் குறுகினாள். அப்போது சபையில் ஒருவர் தம் மேலாடையை அவளுக்கு அளித்தார். இது மூன்றாவது. நான்காவது, பாம்பு, பருந்து, ஆறு, இடிந்த வீடு என அவள் தன் துயரக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். ஐந்தாவது, அஞ்ச வேண்டா, புகலிடம் தரவல்லவரிடமே வந்து சேர்ந்தாய் என்று உறுதி கூறினார். இவ்வைந்தும் நிறைவேறிய பின்னரே சம்சாரத்தின் நீளத்தையும், அதில் உயிர்கள் சிந்திய கண்ணீரின் அளவையும் அவளுக்கு உரைத்தார்.

நாம் அவ்விளைஞனிடம் செய்தது என்ன? அவரது ஆறாவது செயலை முதலாவதாகச் செய்தோம். முந்திய ஐந்தையும் செய்யவே இல்லை.

நம் நகரில் வளர்ந்த வித்தை

அன்பர்களே! பகவான் காட்டிய இவ்வரிசையை, வேறொரு வழியால், ஆராய்ச்சியாலும் அனுபவத்தாலும் கண்டறிந்தவர் சிலர் நம் நகரிலேயே உளர். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநல நரம்பியல் விஞ்ஞானக் கழகத்தை அறியாதார் நம்முள் இலர். 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும், அதற்கும் பழமையான அரசாங்க மனநோய் மருத்துவமனையும் 1974-இல் ஒன்றாக இணைக்கப்பட்டு உருவானது அது. சித்தப் பிரமை கொண்டோரைக் கொண்டு விடும் இடம் என்று மட்டுமே பலர் அதனைக் கருதி வந்துள்ளோம். ஆனால் தீ, வெள்ளம், நிலநடுக்கம், கடற்கோள் ஆகியவற்றில் சிக்கிய மக்களின் மனப்புண்ணை ஆற்றும் வித்தையை இந்நாட்டில் முன்னின்று வளர்த்த இடங்களுள் தலையாயது அதுவே. மனநல மருத்துவர், மனோதத்துவ நிபுணர், சமூகப் பணியாளர் ஆகிய மூவகையாரும் கூடி இத்தொண்டில் ஈடுபட்டனர்.

1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், இதே பெங்களூரில், வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி 90 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளே மிகுதி. நம் முதியோருள் பலருக்கு அந்த நாள் இன்னும் நினைவிருக்கும். அந்த இழப்புக்கு ஆளான குடும்பத்தாரை நிம்ஹான்ஸ் அறிஞர்கள் நேரிற் கண்டு, அவர்கள் துக்கம் எவ்வாறு வெளிப்பட்டது என்று ஆராய்ந்து எழுதினர்.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையினின்றும் மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்து, உறங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. பிழைத்தோர் கண்ணெரிச்சலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து கேட்டு வந்தனர்; அவர்களுள் பலர் உறக்கமின்மையாலும், அச்சத்தாலும், மாண்டாரை எண்ணிய ஏக்கத்தாலும் வாடினர். அவ்வளவு பேருக்கும் மனநல மருத்துவர் எங்கே கிடைப்பர்? ஆதலின் 1985-இல், நிம்ஹான்ஸ் பேராசிரியர் சீனிவாசமூர்த்தி முதலியோர் அந்நகரின் பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி அளித்தனர். வைத்தியம் செய்வோர் சிலராகவும் துன்புறுவோர் பல்லாயிரவராகவும் இருப்பின், வித்தையைப் பலருக்கும் பகிர்ந்தளிப்பதே வழி என்பது அங்குக் கற்ற பாடம்.

1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒரிசாவின் கரையைப் பெரும் புயல் தாக்கியபோது அப்பாடம் மேலும் விரிந்தது. அங்கே மருத்துவரை மட்டும் நம்பாமல், ஊரிலுள்ள இளைஞரையும் பெண்களையும் தேர்ந்து, சில நாட்கள் பயிற்றி, வீடு வீடாகச் சென்று துயருற்றோருடன் அமர்ந்திருக்கச் செய்தனர். அவர்களுக்கு இட்ட பெயர் சிநேககர்மி என்பது. நட்பையே தொழிலாகக் கொண்டவர் என்று பொருள். மைத்திரி என்று நாம் ஓதும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான தொழிற்பெயர் உண்டோ?

2001 ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தின் நிலநடுக்கத்திலும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த சுனாமிக்குப் பின் தமிழகத்திலும் அந்தமானிலும் அம்முறை தொடர்ந்தது. தமிழ்நாட்டில் அன்று மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சார்ந்தோர். சூடாமணி விகாரம் நின்ற நாகை அது; கடல் கொண்டதாக மணிமேகலை கூறும் பூம்புகாரும் அக்கரையிலேயே உள்ளது. நம் பௌத்த முன்னோரின் கரையில் அன்று பிணங்கள் அடையாளம் காணப்படாமலே கூட்டங் கூட்டமாகப் புதைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த மீனவர் கடலைக் காணவே அஞ்சினர். ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தொண்டரும் அப்போது பயிற்சி பெற்றனர். விளையாட்டின் வழியும், அலையைச் சித்திரமாக எழுதுவித்தும், பள்ளியை விரைவில் திறந்து அன்றாட ஒழுங்கை மீட்டும் சிறுவரின் அச்சம் மெல்லத் தணிக்கப்பட்டது. 2009-இல், பேரிடர்க் காலத்து மனநலப் பணிக்கெனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இன்று உண்ண உணவு, ஒதுங்க இடம் என்பவற்றோடு, மனத்தை ஆற்றுவதும் நிவாரணத்தின் ஓர் உறுப்பு என ஏற்கப்பட்டுவிட்டது.

அவர்கள் கண்டறிந்தவை

இத்தனை பேரிடர்களின் வழி அறிஞர்கள் கண்டவற்றுள் நமக்கு வேண்டிய நான்கினை மட்டும் இங்கு எடுத்துரைப்போம்.

ஒன்று: பெருந்துயரில் அழுவதும், உறங்காமையும், திடுக்கிட்டு விழிப்பதும், உணர்வற்றாற்போல் அமர்ந்திருப்பதும் பைத்தியம் அல்ல. இயல்பான மனம் இயல்பற்ற நிகழ்ச்சிக்குக் காட்டும் எதிரொலி அது. பெரும்பாலோர்க்கு உற்றார் துணையோடும் அன்றாட வாழ்வின் ஒழுங்கோடும் காலப்போக்கில் அது தணிகிறது. சிலருக்கே அது நோயாக நீடிக்கிறது. அவர்களுக்கு வைத்தியம் இன்றியமையாதது.

இரண்டு: மனத்தை ஆற்றும் பணி வாயால் தொடங்குவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2011-இல் உளவியல் முதலுதவி என்னும் பெயரால் ஒரு கையேடு வெளியிட்டது. நோக்குதல், செவிமடுத்தல், இணைத்தல் என்னும் மூன்று சொற்களில் அதன் நெறி அடங்கும். இவருக்கு ஆபத்து நீங்கிற்றா, பசித்திருக்கிறாரா என்று நோக்குதல். அவர் சொல்ல விரும்புவதைச் செவிமடுத்தல். பிரிந்த உறவினரோடும், தேவையான செய்தியோடும், உதவி கிடைக்கும் இடத்தோடும் அவரை இணைத்தல். இழவு வீட்டில் அடுப்பு எரியாதபோது அண்டை வீட்டார் சோறு கொண்டுவந்து வைப்பதும், இரவில் துணைக்குப் படுத்திருப்பதும் நம் பாட்டிமார் செய்துவந்த உளவியல் முதலுதவியே. நம்முள் பலருடைய மூதாதையர் கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் உழைத்தவர்கள். அங்கே பாறை வெடித்து உயிர் போன நாட்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதல் அரண் வரிசை வீட்டு அண்டையாரே அன்றி வேறெவர்?

மூன்று: பேச விரும்பாதவரைப் பேச வைத்தல் கூடாது. பேரிடர் நேர்ந்த சில நாட்களுக்குள், பாதிக்கப்பட்டோரை அமர்த்தி, கண்டதையும் பட்டதையும் ஒரே அமர்வில் முற்றும் சொல்லச் செய்வது நன்று என்று மேனாட்டில் ஒரு காலத்தில் கருதினர். பின்னர் ஆராய்ந்தபோது, அதனால் பிற்கால நோய் தடுக்கப்படவில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் விளையலாம் என்றும் தெரிந்தது. இன்று அம்முறை பரிந்துரைக்கப்படுவதில்லை. கதவைத் தட்டலாம், உடைத்தல் ஆகாது. பேசுகிறவனைத் தடுப்பதும் பேசாதவனை நெருக்குவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் துயருற்றவனுடைய தேவையை விட்டு நம் அவசரத்தையே நாம் பின்பற்றுகிறோம்.

நான்கு: சமயத்துக்கும் அங்கு இடம் உண்டு. நிம்ஹான்ஸ் அறிஞர்கள் தொண்டர்களுக்கு வகுத்த பயிற்சி நெறியில், மனத்திலுள்ளதைக் கொட்டவிடுதல், பிறர் நிலையில் தன்னை வைத்துணர்தல், கருத்தூன்றிக் கேட்டல், சுற்றத்தின் ஆதரவு, ஏதேனும் ஒரு பணியில் ஈடுபடல், உடல் மன ஓய்வு என்பனவற்றோடு சமய நம்பிக்கையும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. ஆயின் அது துயருற்றவனுடைய நம்பிக்கை. உதவச் செல்பவனுடையது அன்று. வீழ்ந்தவன் கைக்கு அவன் ஊன்றி வந்த கோலையே எடுத்துத் தருதல் வேண்டும். சோற்றுப் பொட்டலத்தோடு மதத்தையும் நீட்டுவது தானமாகாது, வாணிபமாகும்.

இவை யாவும் நம் தம்மத்திற்கு அயலானவையோ எனின், அல்ல. ஆளவி நகரில் பகவான் உபதேசம் செய்யவிருந்த நாளில், காணாமற்போன எருதைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு வந்து சேர்ந்தான். அவனுக்கு உணவிடச் செய்து, அவன் பசியாறும்வரை சபை முழுவதும் காத்திருக்க, அதன்பின்னரே பகவான் பேசத் தொடங்கினார். பசியினும் கொடிய நோய் இல்லை என்பது அவர் அன்று அளித்த விளக்கம். இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்து மருந்து தேடிய கிசாகோதமியிடம், குழந்தை இறந்துவிட்டது என்று அவர் வாதிடவில்லை. சாவு நேராத வீட்டினின்று ஒரு பிடி கடுகு கொண்டுவரச் சொன்னார். அவள் வீடு வீடாகச் சென்றாள். வீட்டுக்கு வீடு ஒரு துயரைக் கேட்டாள். தான் தனித்தவள் அல்லள் என்று உணர்ந்து, தன் கையாலேயே குழந்தையை இறக்கி வைத்தாள். எவரும் அதனை அவளிடமிருந்து பறிக்கவில்லை. அநித்தியம் அவளுக்குச் சொல்லாக வரவில்லை, அனுபவமாக வந்தது.

கர்மம் என்னும் சொல்

இனி, நாம் குறிப்பாக எச்சரிக்கையுடன் இருக்க வேண்டிய ஒன்று உண்டு. துயருற்றவர் வீட்டிற்குள் நுழைந்ததும், “எல்லாம் முன்வினைப் பயன்” என்று சொல்லும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. பௌத்தராகிய நம் நாவிலும் அது வருகிறது. இது ஆறுதல் அன்று. பிள்ளையை இழந்தவளிடம், அது உன் குற்றமே என்று சொல்வதாகும். அம்பு தைத்தவன் உடல் வேதனையோடு மனவேதனையென்னும் இரண்டாம் அம்பையும் தன்மேல் தானே எய்துகொள்கிறான் என்று பகவான் போதித்தார். ஆனால் அந்த இரண்டாம் அம்பைச் சில வேளைகளில் ஆறுதல் சொல்ல வந்தவரே எய்துவிடுகிறார்.

அன்றியும், அச்சொல் தம்மத்திற்கும் பொருந்தாது. மனிதன் அனுபவிப்பன யாவும் முன்வினையினாலேயே விளைவனவோ என்று சீவகன் என்னும் பரிவிராசகன் பகவானை வினவினான். அவர் அதனை மறுத்து, பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், தகாத நடை, பிறர் தாக்குதல் ஆகிய ஏழினையும் கூறி, எட்டாவதாகவே கர்மத்தை வைத்தார். சுனாமி எழுந்தது சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்து நடுங்கியதனால். போபாலில் உயிர்கள் மாண்டது ஆலையின் பாதுகாப்பு கைவிடப்பட்டதனால். அதனை மாண்டோரின் கர்மம் என்று சொன்னால், பொறுப்பேற்க வேண்டியவன் தப்பித்துக்கொள்வான்.

இதனை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? சேரியில் பிறந்தது உன் முற்பிறவிப் பாவம் என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. கிணற்றையும் கோயிலையும் பள்ளியையும் அடைத்தவர்கள் அச்சொல்லையே பூட்டாகப் பயன்படுத்தினர். அயோத்திதாசப் பண்டிதரும், பின்னர் 1956-இல் பாபாசாகேப் அம்பேத்கரும் நம் மக்களைப் பகவானிடம் அழைத்துவந்தது அப்பூட்டை உடைப்பதற்கே. எந்தச் சொல்லால் நாம் தலைமுறை தலைமுறையாகப் புண்பட்டோமோ, அதே சொல்லை எடுத்து இன்னொருவர் புண்ணில் குத்துவோமாயின், நாம் பெயரை மாற்றினோமேயன்றி மனத்தை மாற்றினோமில்லை.

பேரிடர் எல்லாரையும் சமமாக்கும் என்பர். அலை சமமாக அடித்தது உண்மை. ஆனால் கரையில் நின்ற மனிதர் சமமாக நடந்தாரில்லை. சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் தலித் மக்கள் சில முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், குடிநீரும் நிவாரணமும் அவர்களுக்கு மறுக்கப்பட்டதும் அக்காலத்தில் பத்திரிகைகளிலும் ஆய்வறிக்கைகளிலும் வெளிவந்தன. உற்றாரைப் பறிகொடுத்த அன்றே இழிவையும் சுமப்பவனுடைய மனம் எவ்வாறு ஆறும்? ஆகவே சோற்று வரிசையில் நிற்கும் அனைவரையும் ஒன்றாக நடத்துவது நீதி மட்டும் அன்று. அதுவே மனநோய்க்கு மருந்துமாம். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் பிறர்க்கு மறுக்கலாகாது. நம்மை ஒதுக்கியவன் வீட்டிலும் இழவு விழுந்தால், அங்கும் நாம் போர்வையோடு செல்வதே கருணை.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே! நம் சங்கத்தார் பெரும் நிபுணர்கள் அல்லர். ஆயினும் சிநேககர்மிகளாக இருக்க நமக்கு இயலும். பௌர்ணமிதோறும் பஞ்சசீலம் ஏற்பதுபோல, துயருற்றோரைக் காணச் செல்வோர் பின்வருவனவற்றையும் நெறியாக ஏற்குமாறு வேண்டுகிறோம்.

வெறுங்கையோடு செல்லாதிருப்போம். சோறோ, பாலோ, குழந்தைக்கு ஒரு துணியோ கொண்டுசெல்வோம். மரணச் சான்று, நிவாரண மனு, வங்கிக் காகிதம் போன்றவற்றில் எழுதத் தெரிந்தவர் உடனிருந்து உதவுவோம். துயருற்றவன் ஓடித் திரிய வேண்டிய அலுவலகம் ஒன்று குறையுமாயின், அவன் நெஞ்சில் ஒரு கல் குறையும்.

செவியை முன்னும் நாவைப் பின்னும் வைப்போம். அவர் ஒரே கதையைப் பத்து முறை சொன்னாலும் பதினோராம் முறையும் கேட்போம். மௌனமாக இருந்தால் நாமும் உடன் மௌனமாக இருப்போம். கேட்டதை வேறு வீட்டில் சொல்லாதிருப்போம். அழாதே என்றும், உன்னைவிட அதிகம் இழந்தவர் உண்டு என்றும், கர்மம் என்றும் சொல்லோம். செய்ய இயலாததைச் செய்வதாக வாக்களிக்கவும் மாட்டோம்.

குழந்தைகளிடம் பொய் சொல்லோம். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லப்பட்ட பிள்ளை, நாள்தோறும் வாயிலைப் பார்த்து நிற்கும். இறந்துவிட்டார் என்பதை எளிய சொல்லால் கூறி, அது உன்னால் நேர்ந்ததன்று என்றும், உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்றும் அணைத்துச் சொல்வோம்.

நம் எல்லையை அறிவோம். வாரக்கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும் ஒருவர் நலிந்தாலும், குடியில் வீழ்ந்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சுப் பேசினாலும், தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசிச் சேவை நடைபெறுகிறது. நாடு முழுவதற்கும் அதன் தலைமை மையம் நம் நிம்ஹான்ஸே. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு இல்லத்திலும் சுவரில் எழுதி வைப்பது நலம். மனநல மருத்துவரிடம் செல்வது இழிவு என்னும் எண்ணத்தை விடுவோம். சீழ் வைத்த காலுக்கு வைத்தியன் வேண்டுமெனில், சீழ் வைத்த மனத்துக்கும் வேண்டும்.

இறுதியாக, உதவச் செல்பவரும் மனிதரே என்பதை மறவோம். ஒருவரே எல்லாத் துயரையும் கேட்டுக் கேட்டு நலியாதபடி இருவர் இருவராகச் செல்வோம். திரும்பி வந்து சற்றுநேரம் ஆனாபானத்தில் அமர்வோம். தன் விளக்கில் எண்ணெய் வற்றியவன் பிறர்க்கு வழிகாட்ட இயலாது.

படாசாராவின் சரிதை சங்கத்தில் சேர்ந்ததோடு முடியவில்லை. அவர் பிக்குணியாகி, விநயம் அறிந்தோருள் தலைசிறந்தவர் எனப் பகவானால் புகழப்பட்டார். பிள்ளைகளை இழந்து கலங்கிய பெண்கள் பலர் அவரிடம் வந்து தேறினர்; ஐந்நூறு பேர் என்று தேரிகாதை அவர்களைக் குறிக்கிறது. ஊரார் மண்ணாங்கட்டி எறிந்த அந்தப் பெண்ணே, பின்னாளில் ஊர்த் தாய்மாரின் கண்ணீரைத் துடைக்கும் கையானார். எவரோ ஒருவர் கழற்றித் தந்த ஒரு மேலாடையிலிருந்து இத்தனையும் விளைந்தன. அம்மனிதரின் பெயர் நூலில் இல்லை. பெயரற்ற அந்த மனிதராக இருப்பதே நம் அனைவர்க்கும் எட்டக்கூடிய தருமம்.

அவ்விளைஞனைப் பற்றிச் சொல்லி முடிப்போம். சில மாதங்கள் கழித்து நாம் மீண்டும் அவன் இல்லம் சென்றோம். இம்முறை ஒன்றும் உபதேசியாமல், “தம்பி, அன்று அம்மாவின் செருப்பைப் பற்றிச் சொன்னாயே, அதைச் சொல்” என்று மட்டும் கேட்டோம். அவன் உள்ளே சென்று, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த அதனை எடுத்துவந்து நம் முன் வைத்தான். பிறகு பொழுது சாயும்வரை பேசினான், நாம் கேட்டோம். அவன் அழுதபோது தடுக்கவில்லை. விடைபெறும் வேளையில் அவனே, “ஐயா, அடுத்த பௌர்ணமி என்றைக்கு?” என்று வினவினான். நாளைச் சொன்னோம், வேறொன்றும் சொல்லவில்லை.

துன்புற்ற உயிர்கள் யாவும் துணை பெறுக! அஞ்சிய உயிர்கள் யாவும் அச்சம் நீங்குக! துக்கித்த உயிர்கள் யாவும் தேறுதல் அடைக!

சாது! சாது! சாது!